56 விழுக்காடு வாங்கியும் தோற்றது ஏன்? புளோரிடா கஞ்சாத் திருத்தம் 3

#1 டாம்பாவாசி

2024 நவம்பர் 5 அன்று புளோரிடாவில் நடந்த கஞ்சா வாக்கெடுப்பைப் பற்றி நம்ம ஆட்கள் குழுக்களில் இரண்டு கதை ஓடுகிறது. "மக்கள் கேட்டாங்க, கவர்னர் தடுத்துட்டார்" என்பது ஒன்று. "மக்களே வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்பது இன்னொன்று. இரண்டுமே சரியில்லை. ஆதரவாக விழுந்தது 55.9%. தேவைப்பட்டது 60%.

மாநில அரசியல் சட்டத் திருத்தம் 3-இல் இருந்தது இதுதான்: 21 வயது நிரம்பியவர் 3 அவுன்ஸ், அதாவது சுமார் 85 கிராம் கஞ்சா வைத்துக்கொள்ளலாம். அதில் செறிவூட்டிய சரக்கு 5 கிராமைத் தாண்டக்கூடாது. ஏற்கெனவே மருத்துவக் கஞ்சா விற்கும் லைசென்ஸ் நிறுவனங்களே பெரியவர்களுக்கும் விற்கலாம். வீட்டில் செடி வளர்க்க அனுமதி இல்லை. திருத்தம் தோற்றதால் பழைய சட்டம் அப்படியே நிற்கிறது: மருத்துவ அட்டை இல்லாதவர் கையில் 20 கிராம் வரை இருந்தால் ஓராண்டு சிறை, 1,000 டாலர் அபராதம் வரை போகலாம். 20 கிராமைத் தாண்டினால் ஃபெலனி (கடுங்குற்றம்), 5 ஆண்டு வரை.

கஞ்சா நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் வேற இழையில் நடக்கட்டும். இந்த மாதிரி வாக்கெடுப்பு எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதை மட்டும் இங்கே பேசுவோம். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 சட்டக்கிறுக்கன்

முதலில் அந்த 60%. இது கஞ்சாவுக்கென்று வைத்த தடை இல்லை. 2006-இல் புளோரிடா மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த விதி, எல்லா அரசியல் சட்டத் திருத்தத்துக்கும் பொருந்தும். வேடிக்கை என்னவென்றால், அந்த விதியே 57.8% வாங்கித்தான் நிறைவேறியது. அன்றைக்கு அதே விதி இருந்திருந்தால் அது தோற்றிருக்கும்.

மருத்துவக் கஞ்சாவும் 2014-இல் 57.6% வாங்கி இதே சுவரில் முட்டிக்கொண்டு விழுந்தது. உரையைத் திருத்தி 2016-இல் மறுபடி வந்து 71% வாங்கியது. 2024-இல் கருக்கலைப்பு உரிமைக்கான திருத்தம் 4-ம் 57 சொச்சம் வாங்கித் தோற்றது.

"சாதாரணச் சட்டமாகக் கொண்டுவந்தால் பாதிக்கு மேல் போதுமே" என்று கேட்பீர்கள். புளோரிடாவில் குடிமக்கள் கையெழுத்து வாங்கி சாதாரணச் சட்டம் கொண்டுவர வழியே கிடையாது. அரசியல் சட்டத் திருத்தம் மட்டும்தான். அதற்கான பாதை:

முதலில் ஒரு குழுவைப் பதிவு செய்ய வேண்டும். தலைப்பு 15 சொல்லுக்குள், சுருக்கம் 75 சொல்லுக்குள். மொத்தக் கையெழுத்தில் கால்பங்கு சேர்ந்ததும் விஷயம் அட்டர்னி ஜெனரல் வழியாக மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போகும். கடந்த அதிபர் தேர்தலில் விழுந்த வாக்கில் 8% அளவுக்குக் கையெழுத்து வேண்டும். 2024-க்கு அது 8,91,523. மாநிலம் மொத்தமாக மட்டும் அல்ல, 28 நாடாளுமன்றத் தொகுதியில் பாதியிலாவது அந்தந்தத் தொகுதிக்கான 8% வர வேண்டும். கெடு பிப்ரவரி 1. ஒவ்வொரு படிவத்தையும் கவுண்டி தேர்தல் அலுவலகம், வாக்காளர் பதிவில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அதற்குக் கட்டணமும் குழுதான் கட்ட வேண்டும்.

படிவங்கள் கழிவது பெரும்பாலும் இதனால்: கையெழுத்து பழைய பதிவோடு ஒத்துப்போகாது, தேதி எழுதியிருக்க மாட்டார்கள், ஒரே ஆள் இரண்டு கடை வாசலில் போட்டிருப்பார், பதிவே செய்யாத ஆள் போட்டிருப்பார். அதனால் தேவையான எண்ணை மட்டும் குறிவைத்து இறங்குகிறவன் தோற்பான். 2025-இல் வந்த சட்டம் இதை இன்னும் இறுக்கியது. நிரப்பிய படிவத்தை ஒப்படைக்க முன்பு 30 நாள் இருந்தது, இப்போது 10 நாள்.

நீதிமன்றப் படிதான் பலரையும் சாய்த்தது. 2021-இல் இரண்டு கஞ்சா மனுக்களை அங்கேயே தள்ளிவிட்டார்கள். அதில் ஒன்றுக்குச் சொன்ன காரணம், மத்திய அரசின் சட்டப்படி இது இன்னமும் குற்றம் என்பதைச் சுருக்கம் வாக்காளருக்குச் சொல்லவில்லை என்பது. 2024 உரையைப் பாருங்கள்: இது புளோரிடா சட்டத்துக்கு மட்டும் பொருந்தும், மத்திய சட்டத்தை மாற்றாது, அதை மீறுவோருக்குப் பாதுகாப்பும் தராது என்று சுருக்கத்திலேயே எழுதிவிட்டார்கள். 75 சொல்லில் அதற்கும் இடம் ஒதுக்கியதால்தான் ஏப்ரல் 1 அன்று 5-2 என்று தேறியது.

#3 கொலம்பஸ் கணேசன்

ஒஹாயோவில் இதுக்கு நேர்மாறு. 2023 நவம்பர்ல இஷ்யூ 2-ங்கிற கஞ்சா மனு, சாதாரணச் சட்டமா வந்துச்சு, 57% வாங்கி ஜெயிச்சுது. அதே 57 புளோரிடாவில் தோல்வி.

இங்க ரெண்டு கட்டம். முதல்ல 3% கையெழுத்து. அதை வெச்சு சட்டமன்றத்துக்கு நாலு மாசம் கெடு. அவங்க கண்டுக்கலன்னா இன்னொரு 3%, அப்புறம்தான் வாக்குச்சீட்டு. 1,24,046 வேணும். 2,22,000-க்கு மேல கொண்டுபோய்க் கொட்டினாங்க, சரிபார்த்ததுல தேறினது 1,23,367. வெறும் 679 குறைச்சல்! 10 நாள் அவகாசத்துல ஓடி நிரப்பினாங்க. சட்டக்கிறுக்கன் சார் சொன்ன "கூடுதலா வாங்கு"ங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்ல. ஏறக்குறையப் பாதிப் படிவம் செல்லாம போயிருக்கு பாருங்க.

உரையிலயும் வித்தியாசம்: 2.5 அவுன்ஸ், ஆளுக்கு 6 செடி, வீட்டுக்கு 12, விற்பனைக்கு 10% தனி வரி. டிசம்பர் 7 அன்னிக்கே சட்டம் அமலுக்கு வந்துச்சு, ஆனா கடையில வாங்க முடிஞ்சது 2024 ஆகஸ்ட் 6-லதான். நடுவுல எட்டு மாசம் "வெச்சிருக்கலாம், வளர்க்கலாம், இங்க வாங்க முடியாது." மிச்சிகன் எல்லைக் கடைகளுக்கு நல்ல யோகம்.

சாதாரணச் சட்டத்துல ஒரு வினையும் இருக்கு. சட்டமன்றம் மறுநாளே அதுல கை வைக்கலாம். இங்க 2025 டிசம்பர்ல அப்படித்தான் திருத்தம் கையெழுத்தாச்சு. மக்கள் போட்ட சட்டத்தை மக்கள் பிரதிநிதிகளே வெட்டி ஒட்டினாங்க.

#4 எடிசன் மாமா

புளோரிடாக்காரர்கள் வீட்டுச்செடியை ஏன் விட்டார்கள்? பணம் போட்ட கம்பெனிக்குப் போட்டி வேண்டாம் என்பதுதானே காரணம்?

#5 சட்டக்கிறுக்கன்

மாமா, அந்தச் சந்தேகம் நியாயமானது, ஆனால் முழுக் காரணம் அது இல்லை. புளோரிடாவில் "ஒரு மனு, ஒரு பொருள்" என்ற விதி மிகக் கடுமை. வைத்திருப்பது, விற்பது, வளர்ப்பது, பழைய வழக்குகளை அழிப்பது, இவை எல்லாவற்றையும் ஒரே உரையில் திணித்தால் நீதிமன்றத்தில் விழ வாய்ப்பு அதிகம்.

தென் டகோட்டாவைப் பாருங்கள். 2020-இல் திருத்தம் ஏ 54% வாங்கி ஜெயித்தது. 2021 நவம்பரில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் 4-1 என்று தூக்கி எறிந்தது. காரணம், பெரியவர்களுக்கான கஞ்சா, மருத்துவக் கஞ்சா, ஹெம்ப் (போதை தராத கஞ்சா வகை) என ஒன்றுக்கு மேற்பட்ட பொருள். 2022-லும் 2024-லும் அதே மாநிலத்தில் மறுபடி கேட்டார்கள், இரண்டிலும் தோல்வி. ஜெயித்த வாக்கை உரையின் அமைப்பால் இழந்தால் அந்த அலை திரும்ப வரும் என்று உத்தரவாதம் இல்லை.

மிசிசிப்பி கதை இன்னும் கொடுமை. 2020-இல் மருத்துவக் கஞ்சா பெரிய வித்தியாசத்தில் வென்றது. கையெழுத்து விதி ஐந்து நாடாளுமன்றத் தொகுதி என்று எழுதப்பட்டிருந்தது, ஆனால் மக்கள்தொகைக் கணக்கால் தொகுதி நான்காகி இருபது வருடம் ஆகிவிட்டது. இல்லாத ஐந்தாம் தொகுதிக்கு யார் கையெழுத்து வாங்குவது? 2021 மேயில் நீதிமன்றம் அந்த வாக்கை மட்டும் அல்ல, மாநிலத்தின் முன்மொழிவு முறையையே முடக்கியது. மருத்துவக் கஞ்சா பிறகு சட்டமன்றம் வழியாகத்தான் வந்தது.

#6 தம்பி_மயாமி

நான் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்கிற கட்சி. ஆனாலும் திருத்தம் 3-க்கு "வேண்டாம்" போட்டவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பேன்.

புளோரிடா லைசென்ஸ் முறையில் விதை முதல் விற்பனை வரை ஒரே நிறுவனம் செய்ய வேண்டும். வளர்ப்பது, பதப்படுத்துவது, கடை போடுவது, எல்லாம். சின்ன முதலீட்டுக்காரன் உள்ளே வரவே முடியாது. அப்போது மொத்தமே இருபத்தைந்து சொச்சம் லைசென்ஸ்தான். பிரச்சாரத்துக்கு வந்த பணத்தில் 14 கோடி டாலருக்கு மேல் ட்ரூலீவ் என்ற ஒரே மருத்துவக் கஞ்சா நிறுவனம் கொட்டியது. யார் பணத்தில் எழுதின உரையோ அவர்களுக்கே முதல் நாள் சந்தை. வேறு லைசென்ஸ் தரலாமா என்பதைச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டார்கள். "தரலாம்" என்றால் தராமலும் இருக்கலாம்.

பொது இடத்தில் புகைப்பதைப் பற்றியும் உரையில் ஒரு வரி இல்லை. கவர்னர் டிசாண்டிஸ் அந்த ஓட்டையைத்தான் பிடித்துக்கொண்டு "ஊரெல்லாம் நாறும்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார். 2019-இல் மருத்துவக் கஞ்சாவைப் புகைக்கத் தடை நீங்கியதே அவர் கையெழுத்தில்தான். அதை யாரும் அவரிடம் உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை.

#7 டாம்பாவாசி

தம்பி, பொது இடப் புகையை உரையில் சேர்த்திருந்தால் "இரண்டாவது பொருள்" என்று எதிர்த்தரப்பு வக்கீலே முதல் ஆளாக எழுந்திருப்பார். அதைச் சட்டமன்றம் சாதாரணச் சட்டத்தில் தடுத்துவிடலாம், உரை குறுக்கே நிற்கவில்லை. மற்றபடி எதிர்த்தரப்பும் ஏழை இல்லை. முதலீட்டு நிறுவன அதிபர் கென் கிரிஃபின் ஒருவரே 1.2 கோடி டாலர் தந்தார். மாநில அரசுத் துறைகள் பொதுப்பணத்தில் விளம்பரம் ஓட்டியது தனி சர்ச்சை. டிரம்ப் செப்டம்பரில் ஆதரவு சொன்ன பிறகும் 60 எட்டவில்லை.

#8 தம்பி_மயாமி

அண்ணா, சட்டமன்றம் தடுக்கும் என்று சொல்லி வாக்கு கேட்பது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் பத்திரத்தைப் படிப்பது மாதிரி. அரசியல் சட்டத்தில் ஏறியதைத் திருத்த மறுபடி 60% வேண்டும். ஒஹாயோவிலேயே 2015-இல் ஒரு மனு வந்தது, வளர்க்கும் இடங்களைப் பத்து முதலீட்டுக் குழுக்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தது. 64% பேர் வேண்டாம் என்றார்கள். எட்டு வருடம் கழித்து அந்தப் பத்து இடமும் இல்லாத, வீட்டுச்செடியும் உள்ள உரைக்கு அதே மாநிலம் 57% தந்தது. உரை கொஞ்சம் பெருந்தன்மையாக இருந்தால் அந்த நாலு புள்ளி எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு கோடிக்கு மேல் விழுந்த வாக்கில் நாலு லட்சம் சொச்சம் பேர் பக்கம் மாறியிருந்தால் போதும்.

#9 கொலம்பஸ் கணேசன்

இந்தப் பாயிண்ட்டுக்கு நான் தம்பி பக்கம்.

#10 கணக்குப்பிள்ளை

வரி பற்றி யாரும் பேசவில்லையே. புளோரிடா வாக்குச்சீட்டில் நிதிக் குறிப்பு ஒன்று அச்சாகும். அதில் சந்தை முழுதாக ஓடத் தொடங்கிய பின் ஆண்டுக்குக் குறைந்தது 19.56 கோடி டாலர் விற்பனை வரி வரும் என்று இருந்தது. அது சாதாரண விற்பனை வரி. கஞ்சாவுக்கென்று தனிவரி உரையில் இல்லை. "பள்ளிக்கூடத்துக்குப் பணம்" என்று யாராவது சொல்லியிருந்தால், அந்த வாக்குறுதி உரையில் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும்.

தனிவரி கூடினால் வேறு தலைவலி. வாஷிங்டன் மாநிலத்தில் 37%. கலிபோர்னியா விற்பனைக்கு 15% போட்டதோடு, வளர்ப்பவரிடம் எடைக்கு இவ்வளவு என்றும் வாங்கியது. பூ விலை சரிந்தபோது எடைவரி அப்படியே நின்றதால் முறையான விவசாயி அடிபட்டான், திருட்டுச் சந்தை கொழித்தது. 2022 ஜூலையில் அந்த எடைவரியை எடுத்தார்கள். விலைக்கு விழுக்காடாக வைத்தால் விலையோடு வரியும் இறங்கும், எடைக்கு வைத்தால் இறங்காது. உரையைப் படிப்பவர் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

அடுத்து மத்திய வருமான வரியின் 280இ பிரிவு. மத்திய போதைப்பொருள் பட்டியலின் அட்டவணை 1 அல்லது 2-இல் உள்ள பொருளை விற்பவர் சரக்கின் அடக்கவிலையை மட்டும்தான் கழிக்கலாம். வாடகை, சம்பளம், விளம்பரம் கழிக்க முடியாது. கணக்குக்குச் சொல்கிறேன்: 100 டாலர் விற்பனை, அடக்கம் 50, கடைச் செலவு 40. உண்மை லாபம் 10. சாதாரணக் கடைக்கு 21% என்றால் வரி 2.10. கஞ்சாக் கடைக்கு 50-க்கு வரி, அதாவது 10.50. லாபத்தைவிட வரி அதிகம். பெரிய நிறுவனம் கடன் வாங்கித் தாக்குப்பிடிக்கும், சிறுகடை மூடும். மாநிலம் எவ்வளவு நல்ல உரை எழுதினாலும் இந்தப் பிரிவு சந்தையைப் பெரியவன் பக்கம் தள்ளும். அட்டவணை 3-க்கு மாற்றினால் 280இ விலகும். 2024 மேயில் அதற்கான முன்மொழிவு வந்ததும், 2025 டிசம்பரில் அதை முடிக்கச் சொல்லி அதிபர் ஆணையிட்டதும் வளர்ப்பவர்களைவிடக் கணக்கர்களுக்குத்தான் பெரிய செய்தி.

#11 மருந்துக்கடை மலர்

சட்டமான மாநிலங்களில் என்ன தப்பாகிறது என்று கேட்பவர்களுக்கு: சிக்கல் தரும் ஒன்று மென்று தின்னும் கஞ்சா மிட்டாய். பெரும்பாலான மாநிலங்களில் ஒரு வேளை 10 மில்லிகிராம் டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்), ஒரு பாக்கெட் 100 என்ற வரம்பு. புகை சில நிமிடத்தில் தலைக்கு ஏறும், மிட்டாய்க்கு அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். முக்கால் மணியில் "ஒண்ணும் ஆகலையே" என்று இரண்டாவதைப் போடுவார்கள், இரண்டும் சேர்ந்து ஏறும். நெஞ்சு படபடப்பு, வாந்தி, பயம் என்று அவசர சிகிச்சைக்கு இப்படி வருகிறவர்கள் உண்டு. பழக்கமில்லாத உடம்புக்கு 10 என்பதே அதிகம், அதில் கால்பங்குதான் தொடக்க அளவு என்பார்கள்.

குழந்தைகளுக்கு அது வெறும் மிட்டாய். பூட்டில்லாத டப்பாவில் வைக்கவே கூடாது. தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 1-800-222-1222 நச்சு உதவி எண்ணை அழையுங்கள், எத்தனை மில்லிகிராம் என்று பாக்கெட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். குழந்தை எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ மூச்சு மந்தமானாலோ நேராக 911.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தம் உறைவதில் மாற்றம் வரலாம். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவரிடம் மறைக்கக் கூடாது, மயக்க மருந்தின் அளவு மாறும்.

வண்டி ஓட்டுவது பற்றி: வாஷிங்டனில் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் இருந்தாலே குற்றம். கொலராடோவில் அதே 5 இருந்தால் ஜூரி போதை என்று ஊகிக்கலாம், மறுத்தும் வாதாடலாம். சாராயத்துக்கு ஊதச் சொல்லி அளப்பதுபோல் இதில் முடியாது. புகைத்தவர் ரத்தத்தில் டி.எச்.சி. சில நிமிடத்தில் உச்சிக்குப் போய் வேகமாக விழும். நீதிமன்ற அனுமதி வாங்கி ஊசி குத்துவதற்குள் எண் இறங்கியிருக்கும். தினமும் புகைப்பவருக்கோ மறுநாளும் எண் நிற்கும், போதை இருக்காது. மிட்டாய் தின்றவருக்கு எண் குறைவாகவே இருக்கும், தலை சுற்றிக்கொண்டிருக்கும். ஒரே எண்ணை எல்லாருக்கும் வைத்தது வசதிக்காகத்தான்.

#12 விசா விநாயகம்

நம்ம ஆட்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எச்1பி, எஃப்1, கிரீன் கார்டு, எதில் இருந்தாலும் மாநில வாக்கெடுப்பு உங்களைக் காப்பாற்றாது. குடிவரவுச் சட்டம் மத்திய அரசின் போதைப்பொருள் பட்டியலைப் பார்க்கும். எந்த அட்டவணையில் இருந்தாலும் பட்டியலில் இருப்பதே போதும், 3-க்கு மாறினாலும் இந்தச் சிக்கல் தீராது.

தண்டனையே இல்லாமல் "ஆமாம், டென்வர்ல ஒரு தடவை" என்று விமான நிலைய அதிகாரியிடம் முறையாக ஒப்புக்கொண்டாலே நாட்டுக்குள் நுழையத் தகுதி இழக்கலாம். நாடு கடத்தல் பிரிவில் ஒரு சின்ன விலக்கு உண்டு: சொந்த உபயோகத்துக்கு 30 கிராம் அல்லது அதற்குக் குறைவு, ஒரே ஒரு தடவை. புளோரிடா கேட்டது 85 கிராம், ஒஹாயோ தந்தது சுமார் 70. மாநிலம் "சரி" என்ற அளவு மத்திய விலக்கைப் போல இரண்டு மூன்று மடங்கு! என்-400 (குடியுரிமை விண்ணப்பம்) போடுகிறவர்களுக்கு: மாநிலத்தில் சட்டபூர்வமானாலும் நன்னடத்தைக்குக் குறைவு என்று 2019 ஏப்ரலிலேயே குடியுரிமைத் துறை எழுதிவைத்துவிட்டது. கஞ்சா நிறுவனத்தில் வேலை பார்ப்பதும் அதில் வரும். மருத்துவ அட்டைக்கும் விதிவிலக்கு இல்லை. பொய் சொல்வது அதைவிடப் பெரிய குழி. யாராவது கேட்டால் பதில் சொல்வதற்கு முன் குடிவரவு வக்கீலைப் பாருங்கள். போனில் கடை வாசல் படம் எல்லாம் வைத்துக்கொண்டு திரியாதீர்கள்.

#13 எடிசன் மாமா

ஊருக்கு வரும்போது தூக்கத்துக்கு என்று இரண்டு மிட்டாய் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால்?

#14 விசா விநாயகம்

கூடவே கூடாது மாமா. புறப்படும் விமான நிலையமும் மத்திய அதிகாரத்தில், இறங்கும் இடத்தில் 1985-ஆம் ஆண்டு என்.டி.பி.எஸ். என்ற இந்தியப் போதைப்பொருள் சட்டம். கஞ்சாவுக்குச் "சிறு அளவு" ஒரு கிலோ வரை, அதற்கும் ஓராண்டு சிறை, 10,000 ரூபாய் அபராதம் வரை உண்டு. இந்தியச் சட்டம் கஞ்சா என்பது பூவும் காயும் உள்ள நுனியைத்தான். மிட்டாயில் இருப்பது பிரித்தெடுத்த சாறு, அதை வேறு வகையில் சேர்த்தால் சிறு அளவின் வரம்பு இதைவிட மிகவும் கீழே இறங்கும். போதாததற்கு வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததால் இறக்குமதிக் குற்றமும் சேரும். தூக்கத்துக்கு மலர் அக்காவிடம் வேறு ஏதாவது கேளுங்கள்.

#15 டாலஸ் தாமரை

டெக்சஸில் எப்போ வாக்கெடுப்பு வரும்?

#16 சட்டக்கிறுக்கன்

வராது. டெக்சஸில் மாநில அளவில் மக்கள் கையெழுத்து வாங்கி எதையும் வாக்குச்சீட்டில் ஏற்ற வழி கிடையாது, சட்டமன்றம் மனது வைத்தால்தான் உண்டு. 2022-இல் ஆஸ்டின் நகரம் தன்னளவில் வாக்கெடுத்துச் சிறு அளவுக்குக் கைதை நிறுத்தியது, மாநிலம் வழக்குப் போட்டது. நியூ ஜெர்சியிலும் மக்கள் கையெழுத்து வழி இல்லை. 2020-இல் 67% பேர் ஆதரித்த கேள்வியைச் சட்டமன்றம்தான் சீட்டில் வைத்தது. கடை திறந்தது 2022 ஏப்ரல் 21. எடிசன் மாமா கவனிக்க: அங்கே 6 அவுன்ஸ் வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தச் சட்டம் வந்தபோது ஒரு செடிகூட வளர்க்க விடவில்லை. கடை வேண்டுமா என்பதையும் ஊராட்சி ஊராட்சியாகத் தீர்மானிக்கச் சொன்னார்கள், 2021 ஆகஸ்ட் 21 கெடு. "எங்க ஊருக்கு வேண்டாம்" என்று முடிவெடுத்த ஊர்கள் நிறைய. மாநில வாக்கெடுப்பு முடிந்தால் ஆட்டம் முடிந்தது என்று நினைத்தவர்கள் அந்த ஊராட்சிக் கூட்டங்களுக்குப் போகவில்லை. எதிர்த்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.